ஜீன் ரிப்போர்ட்டில் இருக்கும் மாற்றத்தின் பெயரை வாசிப்பதும் பிழையில்லாமல் எழுதிக்கொடுப்பதும்: ஒரு பத்திர எழுத்தர் பட்டுத் தெரிந்துகொண்டது

நான் அம்பாசமுத்திரத்தில் பத்திர எழுத்தர். அடுத்தவர் வீட்டு எல்லைகளை எழுதிப் பிழைக்கிறவன். உயிரியல் படித்தது பத்தாம் வகுப்போடு சரி. ஆனாலும் எங்கள் குடும்பத்தில் எந்தக் காகிதம் வந்தாலும் கடைசியில் என் மேஜைக்குத்தான் வரும். அப்படித்தான் இந்த ஜீன் ரிப்போர்ட்டுகளும் வந்தன.

அக்காவின் மூத்த பேரனுக்கு தலசீமியா மேஜர் என்ற பரம்பரை ரத்த நோய். மாதந்தோறும் ரத்தம் ஏற்ற வேண்டும். அவனுடைய சித்தி, அதாவது அக்காவின் இளைய மகள், உண்டாகியிருந்தாள். அவளும் கேரியர், அதாவது தனக்கு நோய் இல்லாமல் ஜீன் மாற்றத்தை மட்டும் சுமப்பவள்; மாப்பிள்ளையும் கேரியர். இருவரும் கேரியராக இருந்தால் ஒவ்வொரு கர்ப்பத்திலும் குழந்தைக்கு நோய் வர நான்கில் ஒரு பங்கு வாய்ப்பு உண்டு. கருவிலேயே பார்த்துவிடலாம் என்று முடிவாயிற்று. லேபில் கேட்டார்கள்: "உங்கள் குடும்பத்தில் இருக்கும் ஜீன் மாற்றம் எது?"

என்னிடம் இருந்தது மூன்று காகிதம். அக்காவின் மூத்த மகள், அதாவது அந்தப் பேரனின் அம்மா; மூத்தவளான அவளின் பழைய ரிப்போர்ட்டில் "சி.124_127டெல்டிடிசிடி". இளையவளின் புது ரிப்போர்ட்டில் "சி.126_129டெல்". மாப்பிள்ளையின் ரிப்போர்ட்டில் "ஐவிஎஸ் 1-5 (ஜி>சி)". நான் மூன்றையும் அப்படியே எழுதிக்கொடுத்தேன். அக்காவும் தங்கையும் ஒரே வயிற்றுப் பிள்ளைகள், மாற்றம் மட்டும் வேறு வேறா என்று லேபில் சந்தேகம் வந்து வேலையை நிறுத்திவிட்டார்கள். இருவருக்கும் மறுபடி ரத்தம் எடுத்து அனுப்பினோம். "ரெண்டு விதமாவா மாமா ஓடுது நம்ம ரத்தத்துல?" என்று இளையவள் கேட்டதற்கு என்னிடம் பதில் இல்லை. பதினேழு நாள் கழித்துப் பதில் வந்தது: இரண்டும் ஒன்றுதான், எழுதிய விதம்தான் வேறு. அதற்குள் பதினான்காவது வாரம் தாண்டிவிட்டது.

இந்தப் பதினேழு நாள் இன்னொரு வீட்டில் வீணாகக் கூடாது. அதற்காகத்தான் எழுதுகிறேன்.

வாசிக்கும் முன் ஒரு வார்த்தை. ரிப்போர்ட்டில் எல்லாம் ஆங்கில எழுத்தில் இருக்கும். இங்கே தமிழில் ஒலிபெயர்த்திருக்கிறேன். புள்ளிக்கு முன்னால் வரும் சி, ஜி, பி எல்லாம் ஆங்கிலத்தில் சிறிய எழுத்து. புள்ளிக்குப் பின்னால் வரும் ஏ, டி, ஜி, சி என்பவை டிஎன்ஏ-வின் நான்கு எழுத்துகள். அவை பெரிய எழுத்து. "சி" என்பது இரண்டு இடத்திலும் வரும், குழம்ப வேண்டாம்.

1. முதலில் காகிதங்களைச் சேருங்கள்

ரிப்போர்ட்டின் முதல் பக்கம் மட்டும் போதாது. பெரும்பாலான வீடுகளில் முதல் பக்கத்தை மட்டும் ஜெராக்ஸ் எடுத்து வைத்திருப்பார்கள், அல்லது வாட்ஸ்அப்பில் ஒரு படம் இருக்கும். நமக்கு வேண்டிய விவரம் பெரும்பாலும் கடைசிப் பக்கத்தில், சோதனை முறை என்ற தலைப்பின் கீழ், பொடி எழுத்தில் இருக்கும். எந்த ரெஃபரன்ஸ் வரிசை, எந்த ஜீனோம் பதிப்பு என்பதெல்லாம் அங்கேதான். லேபிடம் முழு பிடிஎஃப் கேட்டு வாங்குங்கள். பழைய ரிப்போர்ட்டாக இருந்தால் மாதிரி எண், அதாவது சாம்பிள் ஐடி, இருந்தால்தான் தேடித் தருவார்கள்.

சேர்க்க வேண்டியவை: கணவன், மனைவி இருவரின் ஜீன் ரிப்போர்ட், ஏற்கெனவே நோயுள்ள குழந்தை இருந்தால் அதன் ரிப்போர்ட், இருவரின் ஹெச்பிஎல்சி ரிப்போர்ட் (ஹெச்பிஏ2 என்ற ஹீமோகுளோபின் வகையின் அளவு 3.5 சதவீதத்துக்கு மேல் என்று கேரியர் கண்டுபிடிப்பது இதில்தான்), கர்ப்பமென்றால் வாரக்கணக்கு தெளிவாக இருக்கும் ஸ்கேன், ஆதார் நகல். பெயரின் எழுத்துக்கூட்டு எல்லாவற்றிலும் ஒன்றாக இருக்கிறதா என்று பாருங்கள். இனிஷியல் முன்னே ஒன்றில், பின்னே ஒன்றில் என்று இருந்தால் அதற்கும் ஒரு நாள் போகும்.

2. தாய்ப்பத்திரம் எது என்று பாருங்கள்

எங்கள் தொழிலில், தாய்ப்பத்திரம் இல்லாமல் சொத்து விவரம் எழுத உட்கார மாட்டோம். "சர்வே எண் 126" என்று மட்டும் சொன்னால் எந்த ஊர் 126? எந்த அளவையின் 126? நில ஆவணங்களைப் புதுப்பித்த யு.டி.ஆர் திட்டத்துக்கு முந்திய எண்ணா, பிந்தியதா?

ஜீனிலும் இதே கதைதான். 126 என்ற எண் தனியாக எதையும் குறிக்காது. எந்த வரிசையில் எண்ணினால் 126 என்று சொல்ல வேண்டும். அந்த வரிசைக்குத்தான் ரெஃபரன்ஸ் வரிசை என்று பெயர். முழுப் பெயர் இப்படி இருக்க வேண்டும்:

என்எம்_000518.5(ஹெச்பிபி):சி.126_129டெல்

"என்எம்" என்றால் அந்த ஜீனிலிருந்து நகலெடுக்கப்பட்ட எம்ஆர்என்ஏ-வின் வரிசை. "என்சி" என்றால் குரோமோசோம் முழுவதும். "என்பி" என்றால் புரதம். "இஎன்எஸ்டி" என்று தொடங்கினால் அது என்சம்பிள் தரவுத்தளத்தின் எண். அடைப்புக்குறிக்குள் இருக்கும் ஹெச்பிபி, ஜீனின் பெயர்; ஹீமோகுளோபினின் ஒரு பகுதியைத் தரும் இந்த ஜீனில்தான் எங்கள் வீட்டு மாற்றங்கள். அது நம் வசதிக்கு. உண்மையான முகவரி என்எம் எண்தான்.

புள்ளிக்குப் பின்னால் இருக்கும் 5-ஐ யாரும் கவனிப்பதில்லை. அது பதிப்பு எண். வரிசையில் திருத்தம் வந்தால் பதிப்பு எண் ஏறும்; எழுத்து கூடியோ குறைந்தோ இருந்தால் இடத்தின் எண்ணும் மாறிவிடலாம். பதிப்பு எண் இல்லாத ரிப்போர்ட்டை, தேதி போடாத பத்திரம் மாதிரி நினைத்துக்கொள்ளுங்கள்.

ஒரு ஜீனுக்குப் பல என்எம் எண்கள் இருப்பதும் உண்டு. எதை எடுப்பது என்ற சண்டை வேண்டாம் என்று அமெரிக்காவின் என்சிபிஐ-யும் ஐரோப்பாவின் ஈஎம்பிஎல்-ஈபிஐ-யும் சேர்ந்து, புரதம் தரும் ஒவ்வொரு ஜீனுக்கும் ஒன்றைத் தேர்ந்து "மேன் செலக்ட்" என்று முத்திரை குத்துகிறார்கள். ஹெச்பிபி-க்கு அது என்எம்_000518.5. உங்கள் ஜீன் வேறாக இருந்தால், லேபிடம் "இது மேன் செலக்ட் டிரான்ஸ்கிரிப்ட்தானா?" என்று கேளுங்கள்.

இன்னொன்று. ரெஃபரன்ஸ் என்றால் ஆரோக்கியமான, குற்றமில்லாத வரிசை என்று அர்த்தமில்லை. எல்லோரும் ஒத்துக்கொண்ட அளவுகோல், அவ்வளவுதான்.

3. எண்ணை எங்கிருந்து எண்ணுகிறார்கள்

புள்ளிக்கு முன்னால் இருக்கும் ஒற்றை எழுத்து, எந்த வகை வரிசை என்று சொல்லும். சி. என்றால் புரதத்துக்கான பகுதியை வைத்து எண்ணியது. ஜி. என்றால் குரோமோசோமில் எண்ணியது. என். என்றால் புரதம் தராத ஆர்என்ஏ. எம். என்றால் மைட்டோகாண்டிரியா. பி. என்றால் புரதம். இந்த எழுத்து இல்லாமல் வெறும் "126_129டெல்" என்று யாராவது எழுதியிருந்தால் அதை நம்பி எதுவும் செய்யாதீர்கள்.

சி. எண்ணுக்கு விதி எளிது. புரதம் தொடங்கும் ஏடிஜி-யில் அந்த ஏ-தான் 1. அதற்கு முந்தைய எழுத்து -1. நடுவில் பூஜ்யம் கிடையாது. மூன்று மூன்று எழுத்தாகச் சேர்ந்தது கோடான்; புரதம் முடியும் இடத்தில் இருப்பது ஸ்டாப் கோடான். அதற்கு அடுத்த எழுத்திலிருந்து *1, *2 என்று போகும்.

சிக்கல் இன்ட்ரானில். எக்சான் என்ற துண்டுகளுக்கு இடையில், பிறகு வெட்டி எறியப்படும் பகுதி அது. அங்கே இருக்கும் எழுத்துக்குச் சொந்த எண் இல்லை. பக்கத்து எக்சானின் ஓரத்திலிருந்து அளக்க வேண்டும், "புளியமரத்திலிருந்து கிழக்கே ஐந்து அடி" என்கிற மாதிரி. ஹெச்பிபி-யில் முதல் எக்சானின் கடைசி எழுத்து 92. அதைத் தாண்டி இன்ட்ரானுக்குள் ஐந்தாவது எழுத்து 92+5. இன்ட்ரானின் பின்பாதியில் இருந்தால் அடுத்த எக்சானின் முதல் எழுத்திலிருந்து பின்னோக்கி அளப்பார்கள்: 93-21 என்பது போல.

இந்த "+5" விட்டுப்போனால் என்ன ஆகும் தெரியுமா? மாப்பிள்ளைக்கு இருப்பது சி.92+5ஜி>சி. இந்தியாவில் தலசீமியா கேரியர்களிடம் மிக அதிகமாகக் காணப்படுவது இதுதான். தட்டச்சு செய்தவர் +5-ஐ விட்டுவிட்டால் சி.92ஜி>சி. அது அர்த்தமில்லாத பிழையாக இருந்தால் யாராவது கண்டுபிடிப்பார்கள். ஆனால் சி.92ஜி>சி-யும் நிஜமாகவே தலசீமியா தரும் இன்னொரு மாற்றம். பழைய பெயர் கோடான் 30 (ஜி>சி). ஒருவருக்கும் சந்தேகம் வராது. தவறான இடத்தைத் தேடி, "இல்லை" என்று ரிப்போர்ட் வந்துவிடும். எனக்கு இதைப் படித்த அன்று ராத்திரி தூக்கம் வரவில்லை.

கறாரான விதி இன்னும் ஒன்று உண்டு. என்எம் வரிசையில் இன்ட்ரானே கிடையாது, நகலெடுக்கும்போதே வெட்டிவிட்டார்கள். இல்லாத இடத்துக்கு அதில் முகவரி கொடுக்க முடியாது. அதனால் இன்ட்ரான் மாற்றத்தை எழுதும்போது குரோமோசோம் வரிசையை முன்னால் சேர்க்க வேண்டும்:

என்சி_000011.10(என்எம்_000518.5):சி.92+5ஜி>சி

நிறைய லேப்கள் இதைச் செய்வதில்லை. ஆனால் நீங்கள் கேட்டால் செய்துகொடுப்பார்கள்.

4. என்ன நடந்திருக்கிறது என்று பாருங்கள்

ஒரு எழுத்து போய் இன்னொன்று வந்தால் ">". எழுத்து காணாமல் போனால் "டெல்". பக்கத்தில் இருந்ததே இரட்டித்திருந்தால் "டூப்". புதிதாக நுழைந்திருந்தால் "இன்ஸ்". சில எழுத்து போய் அந்த இடத்தில் வேறு சில வந்திருந்தால் "டெலின்ஸ்".

டூப் போடவேண்டிய இடத்தில் இன்ஸ் போடுவது பழைய ரிப்போர்ட்டுகளில் சகஜம். கோடான் 8/9 (+ஜி) என்று ஒரு மாற்றம், நம் நாட்டில் அடிக்கடி வருவது. 27-ஆம் எழுத்து ஜி. அதற்குப் பின்னால் இன்னொரு ஜி சேர்ந்திருக்கிறது. முன்பு சி.27_28இன்ஸ்ஜி என்று எழுதினார்கள். பக்கத்து எழுத்தே திரும்ப வந்திருப்பதால், விதிப்படி அது சி.27டூப். இரண்டையும் பார்த்து இரண்டு வியாதி என்று பயப்பட வேண்டாம்.

டெல்லுக்கும் டூப்புக்கும் பின்னால் எந்த எழுத்து போனது என்று எழுதத் தேவையில்லை. சி.126_129டெல் என்றாலே போதும். சில லேப்கள் "டெல்சிடிடிடி" என்று சேர்த்து எழுதும், பொருள் ஒன்றுதான்.

அப்புறம், 126-க்கும் 129-க்கும் நடுவில் இருப்பது அடிக்கோடு. டிடிபி கடையில் கொடுத்து அடித்தால் அதை "126-129" என்று சிறுகோடாக்கிவிடுவார்கள். சிறுகோட்டுக்கு இங்கே "கழித்தல்" என்று பொருள். 126-இல் தொடங்கும் ஒரு எக்சானுக்கு 129 எழுத்து முன்னால் என்று வாசிக்கப்படும். தயவுசெய்து எங்கேயும் மறுபடி அடிக்கக் கொடுக்காதீர்கள். பிடிஎஃப்பில் இருப்பதை அப்படியே நகலெடுத்து ஒட்டுங்கள்.

5. வலப்பக்கம் தள்ளும் விதி (எங்களைக் கவிழ்த்தது இதுதான்)

எங்கள் பதினேழு நாளையும் தின்றது இந்த விதிதான். ஒரு பென்சிலை எடுத்துக்கொள்ளுங்கள்.

ஹெச்பிபி-யில் 124-ஆம் எழுத்திலிருந்து இப்படி இருக்கிறது:

டி டி சி டி டி டி ஜி ஏ ஜி

இதில் நான்கு எழுத்தை அழிக்க வேண்டும். முதல் நான்கை (124 முதல் 127 வரை, டிடிசிடி) அழித்தால் மிச்சம்: டி டி ஜி ஏ ஜி. சரி. இப்போது ஒரு எழுத்து தள்ளி, 125 முதல் 128 வரை (டிசிடிடி) அழித்துப் பாருங்கள். மிச்சம் அதே டி டி ஜி ஏ ஜி. இன்னும் ஒன்று தள்ளி 126 முதல் 129 வரை (சிடிடிடி) அழியுங்கள். அதே மிச்சம். இன்னும் ஒன்று தள்ளினால் மட்டும் மாறிவிடும்.

ஆக, நடந்த அழிவு ஒன்று. அதற்கு எழுதக்கூடிய பெயர் மூன்று. உடம்புக்கு இந்த மூன்றும் ஒன்றுதான். எழுதுகிறவர்களுக்குத்தான் தகராறு. இதைத் தீர்க்க, ஜீன் மாற்றங்களுக்குப் பெயர் எழுதும் பொது முறையான ஹெச்ஜிவிஎஸ் விதி ஒன்று சொல்கிறது: எவ்வளவு தூரம் வலப்பக்கம், அதாவது வரிசையின் 3 பிரைம் முனைப்பக்கம், தள்ள முடியுமோ அவ்வளவு தள்ளி அந்த எண்ணை எழுது. அதனால் சரியான பெயர் சி.126_129டெல். மூத்தவளின் ரிப்போர்ட் எழுதியவர் இடப்பக்கத்திலிருந்து எழுதியிருந்தார். பழைய புத்தகங்களில் இதே மாற்றத்துக்கு "கோடான் 41/42 (-டிடிசிடி)" என்று பெயர். அவர் அதைப் பார்த்து எண்ணைப் போட்டிருக்க வேண்டும்.

ஒரே ஒரு விலக்கு: தள்ளிக்கொண்டே போய் ஒரு எக்சான் முடிந்து அடுத்த எக்சானுக்குள் நுழைகிற மாதிரி வந்தால், அந்த ஓரத்தோடு நிறுத்திக்கொள்ள வேண்டும்.

எனவே, ஒரே குடும்பத்தில் இரண்டு ரிப்போர்ட்டில் டெல், டூப் எண்கள் இரண்டு மூன்று தள்ளி இருந்தால், முதலில் பென்சிலால் இந்தக் கணக்கைப் போட்டுப் பாருங்கள். மறுபடி ரத்தம் கொடுக்க ஓடாதீர்கள்.

6. பழைய பெயரைப் புதிய பெயராக்குவது

நம் பக்கம் வீடுகளில் "பழைய எண் 14, புதிய எண் 27" என்று இரண்டும் எழுதியிருக்கும் அல்லவா, அதேபோல இதையும் எழுதி வைத்துக்கொள்ள வேண்டும். தலசீமியாவில் பழைய பெயர்கள் இன்னும் வழக்கொழியவில்லை. டாக்டர்கள் வாயிலும் அதுதான் வரும்.

முதல் பொறி: "ஐவிஎஸ் 1-5". இதில் உள்ள கோடு கழித்தல் இல்லை. முதல் இன்ட்ரானில் ஐந்தாவது எழுத்து என்று மட்டுமே பொருள். ஆகவே அது 92+5. "ஐவிஎஸ் 1-1 (ஜி>டி)" என்பது சி.92+1ஜி>டி. ஆனால் "ஐவிஎஸ் 1-110 (ஜி>ஏ)" என்பது சி.93-21ஜி>ஏ. அந்த இன்ட்ரானின் நீளம் 130 எழுத்து. 110-வது எழுத்து பின்பாதியில் இருப்பதால் எதிர்ப்பக்கத்திலிருந்து அளக்கிறார்கள். 110 எங்கே, 21 எங்கே என்று முழிக்க வேண்டாம்.

இரண்டாவது பொறி: கோடான் எண். ஹீமோகுளோபினில் பழைய ஆட்கள் முதல் அமினோ அமிலமான மெத்தியோனினை எண்ணவில்லை. புரதம் முற்றும்போது அது வெட்டுப்பட்டுவிடுகிறது என்பதால். புதிய விதியில் அதுதான் 1. அதனால் பழைய எண்ணோடு ஒன்று கூட்ட வேண்டும். சிக்கிள் செல் என்ற ரத்த நோயைத் தரும் மாற்றம் ஆறாவது இடம் என்று பாடப்புத்தகத்தில் படித்திருப்பீர்கள். இப்போது ரிப்போர்ட்டில் பி.(குளு7வால்) என்று ஏழாக வரும். டிஎன்ஏ எண் சி.20ஏ>டி. ஹெச்பிஇ என்ற மாற்றம் பழைய கணக்கில் 26, புதிய கணக்கில் 27, சி.79ஜி>ஏ.

நானே கணக்குப் போட்டு ஏமாந்த இடம் இது. கோடான் 15 (ஜி>ஏ) என்ற மாற்றத்துக்கு, பதினைந்து மூன்று நாற்பத்தைந்து, ஆகவே 43 முதல் 45 என்று எழுதினேன். தப்பு. ஒன்று கூட்டிப் பதினாறாக்கி, 46 முதல் 48. சரியான பெயர் சி.47ஜி>ஏ.

இந்தக் கூட்டல் ஹீமோகுளோபின் ஜீன்களின் பழைய பெயர்களுக்குச் சொன்னது. வேறு ஜீனுக்குப் போய் ஒன்று கூட்டிவிடாதீர்கள்.

புரதப் பெயரைச் சுற்றி அடைப்புக்குறி இருந்தால், புரதத்தை நேரில் சோதிக்கவில்லை, டிஎன்ஏ-வை வைத்து ஊகித்தது என்று பொருள். அது குறை இல்லை. அப்படித்தான் எழுத வேண்டும். ஆனால் புரதப் பெயரை மட்டும் வைத்து லேபுக்கு எழுதிக்கொடுக்காதீர்கள். வெவ்வேறு டிஎன்ஏ மாற்றங்கள் ஒரே புரத மாற்றத்தைத் தரலாம்.

7. குரோமோசோம் எண் இருந்தால் பதிப்பையும் திசையையும் பாருங்கள்

சில ரிப்போர்ட்டில் "சிஹெச்ஆர்11:5248155" என்று நீண்ட எண் மட்டும் இருக்கும். இது ஜீனோம் பதிப்பைப் பொறுத்தது. ஜிஆர்சிஹெச்37 (ஹெச்ஜி19 என்பதும் இதுதான்), ஜிஆர்சிஹெச்38 என இரண்டு புழக்கத்தில் உள்ளன. மாப்பிள்ளையின் மாற்றம் 37-இல் 5248155, 38-இல் 5226925. இருபத்தோராயிரம் எழுத்துக்கு மேல் வித்தியாசம். யு.டி.ஆர் எண்ணையும் அதற்கு முந்திய எண்ணையும் குழப்பினால் பக்கத்துக்காரன் வயலை எழுதிவிடுவோமே, அதே ஆபத்து. என்சி எண்ணைப் பார்த்தே பதிப்பைச் சொல்லலாம்: பதினோராவது குரோமோசோமுக்கு என்சி_000011.9 என்றால் 37, என்சி_000011.10 என்றால் 38.

அடுத்தது திசை. டிஎன்ஏ-வுக்கு இரண்டு இழை. ஹெச்பிபி ஜீன் எதிர் இழையில், தலைகீழாக ஓடுகிறது. குரோமோசோம் எண் எப்போதும் நேர் இழையில். அதனால் சி.92+5ஜி>சி என்பது ஜி. பெயரில் சி>ஜி ஆகிவிடும். சிக்கிள் செல்லின் ஏ>டி அங்கே டி>ஏ. கலப்படம் ஒன்றும் இல்லை, அது ஒழுங்கான கணக்கு.

இப்போது எங்கள் வீட்டு அழிவுக்கே வாருங்கள். 37-ஆம் பதிப்பில் அதன் ஜி. பெயர் ஜி.5247995_5247998டெல். ஆனால் லேபின் கணினிக் கோப்பில், விசிஎஃப் என்பார்கள், அது 5247992 என்ற இடத்தில் பதிவாகியிருக்கும். ஏனென்றால் அந்தக் கோப்பில் இடப்பக்கம் தள்ளி எழுதுவது வழக்கம், அதுவும் அழிந்த எழுத்துக்கு முந்தைய எழுத்திலிருந்து. வலம் தள்ளுவது ஹெச்ஜிவிஎஸ், இடம் தள்ளுவது விசிஎஃப். இரண்டையும் ஒப்பிட்டு லேப்காரருடன் சண்டைக்குப் போனவன் நான். அவர் பொறுமையாகச் சொல்லிக்கொடுத்தார்.

ஆர்எஸ் எண் (உதாரணமாக ஆர்எஸ்334) இருந்தால் அது போதும் என்று நினைக்காதீர்கள். ஆர்எஸ் எண் இடத்தைச் சொல்லும்; ஒரே இடத்தில் ஒன்றுக்கு மேற்பட்ட மாற்றங்கள் ஒரே எண்ணின் கீழ் இருக்கலாம். ஆர்எஸ்334-இன் கீழேயே ஒன்றுக்கு மேல் உண்டு.

8. எழுதியதைச் சரிபாருங்கள் (காசு இல்லை)

வேரியண்ட் வேலிடேட்டர், மியூட்டலைசர் என்று இரண்டு இணையக் கருவிகள். இரண்டும் இலவசம். பெயரை உள்ளிட்டால், எழுத்து சரியா, எண் சரியா, வலப்பக்கம் தள்ளியாயிற்றா என்று பார்த்துத் திருத்தித் தரும். நாங்கள் சி.124_127டெல் என்று போட்டதும் சி.126_129டெல் என்று மாற்றிக் காட்டியது. அரை நிமிஷ வேலை. பதினேழு நாளுக்கு முன்னால் யாராவது சொல்லியிருக்கலாம்.

செல்போனில் செய்யாதீர்கள், ஆட்டோகரெக்ட் எழுத்தைப் பெரிதாக்கிவிடும், புள்ளியைத் தின்றுவிடும். வீட்டில் கணினி இல்லையென்றால் கல்லூரியில் படிக்கிற பிள்ளைகள் யாரிடமாவது சொன்னால் செய்துதருவார்கள். அபிஷேகப்பட்டி பல்கலைக்கழகத்தில் படிக்கும் எங்கள் தெருப் பையன்தான் எனக்குக் காட்டிக்கொடுத்தான்.

அதற்குப் பிறகு கிளின்வார் என்ற தரவுத்தளத்தில் அந்தப் பெயரைத் தேடுங்கள். நோய் தரக்கூடியதா என்று பதிவாகியிருக்கும். ஆனால் அதைப் படித்து நீங்களே முடிவுக்கு வரக் கூடாது. மரபியல் ஆலோசகர் அல்லது டாக்டர் சொல்ல வேண்டிய விஷயம் அது. நமக்கு வேண்டியது பெயர் ஒத்துப்போகிறதா என்பது மட்டும்.

9. லேபுக்கு எழுதிக்கொடுக்கும் தாள்

ஒரே தாளில், இப்படி எழுதுங்கள்: பெயர், உறவு, ஜீன், முழுப் பெயர் (ரெஃபரன்ஸ், பதிப்பு எண்ணோடு), பழைய பெயர், ஜீனோம் பதிப்பு, ரிப்போர்ட் தேதி, சாம்பிள் ஐடி. எங்கள் தாளில் இளையவளுக்கு எழுதியது:

என்எம்_000518.5(ஹெச்பிபி):சி.126_129டெல், பழைய பெயர் கோடான் 41/42 (-டிடிசிடி), அக்காள் ரிப்போர்ட்டில் சி.124_127டெல்டிடிசிடி என்று இருப்பதும் இதுவே.

நோயுள்ள குழந்தைக்கு இரண்டு மாற்றம் இருக்கும், அப்பாவிடமிருந்து ஒன்று, அம்மாவிடமிருந்து ஒன்று. அதை சதுர அடைப்புக்குறியில் தனித்தனியாக எழுத வேண்டும்: சி.[92+5ஜி>சி];[126_129டெல்]. இரண்டையும் ஒரே சதுரத்துக்குள் போட்டால் இரண்டும் ஒரே பக்கத்திலிருந்து வந்தவை என்று பொருள் மாறிவிடும். ஒரு அடைப்புக்குறியில் குடும்பக் கதையே மாறிப்போகும்.

ரிப்போர்ட்டிலேயே பெயர் பழைய முறையில் இருந்தால், திருத்திய ரிப்போர்ட் கேளுங்கள். எங்கள் தொழிலில் பிழைத்திருத்தல் பத்திரம் போடுகிற மாதிரிதான். ரத்தம் மறுபடி எடுக்கத் தேவையில்லாத வேலை என்பதால் எங்களுக்குக் காசு வாங்கவில்லை. நாலு நாளில் வந்தது. வாயால் கேட்காமல் மின்னஞ்சலில் கேளுங்கள்.

10. செலவும் நாளும்

எங்களுக்கு ஆனதைச் சொல்கிறேன். ஊருக்கு ஊர் மாறும். ஹெச்பிஎல்சி ஆளுக்கு 800 ரூபாய், மூன்று நாள். ஹெச்பிபி ஜீன் சோதனை ஆளுக்கு 6,500, மூன்று வாரம். குடும்பத்தில் தெரிந்த ஒரு மாற்றத்தை மட்டும் பார்க்க 3,000-க்குள் முடிந்தது. பெயர் சரியாக இருந்தால்தான் இந்தக் குறைந்த செலவு வழி கிடைக்கும். இல்லையென்றால் ஜீன் முழுவதையும் மறுபடி படிப்பார்கள். எங்கள் குழப்பத்தில் கூடுதலாக இரண்டு ஜீன் சோதனை, பஸ், சாப்பாடு எல்லாம் சேர்த்துப் பதினைந்தாயிரத்துக்கு மேல் போயிற்று. ரத்தம் ஈடிடிஏ குழாயில், ஊதா மூடி போட்டது, இரண்டு மூன்று மில்லி. அதைச் சனிக்கிழமை கூரியரில் போடாதீர்கள். ஞாயிறு முழுவதும் எங்காவது கிடக்கும்.

கர்ப்பமென்றால் நாள்தான் முதல். நஞ்சுக்கொடித் திசு எடுக்கும் சோதனை 11 முதல் 14 வாரத்துக்குள். அது தவறினால் பனிக்குட நீர் எடுப்பது, 15 வாரம் முடிந்த பிறகு. எங்களுக்கு முதலாவது தவறி இரண்டாவதுதான் கிடைத்தது. காத்திருந்த அந்த நாட்களில் அக்கா நெல்லையப்பர் கோவிலை எத்தனை தடவை சுற்றினாள் என்பதற்குக் கணக்கில்லை. கருவின் மாதிரியோடு தாயின் ரத்தமும் போக வேண்டும். தாயின் செல் கலந்துவிட்டதா என்று பார்ப்பதற்கு. இதைச் செய்யும் இடம் பிசிபிஎன்டிடி சட்டப்படி பதிவு பெற்றதாக இருக்க வேண்டும், ஃபார்ம் ஜி என்ற சம்மதப் படிவத்தில் அவளே கையெழுத்துப் போட வேண்டும், ஆணா பெண்ணா என்று கேட்கவே கூடாது.

முடிந்தால் கல்யாணத்துக்கு அப்புறம், கர்ப்பத்துக்கு முன்னாலேயே பெயர்களை ஒத்துப்பார்த்து வைத்துவிடுங்கள். அப்போது பதினேழு நாள் போனாலும் யாருக்கும் நெஞ்சு அடித்துக்கொள்ளாது.

ரிப்போர்ட்டை லேமினேட் செய்யாதீர்கள். பின்பக்கத்தில் பென்சிலால் எழுத இடம் வேண்டும். மூத்தவளின் ரிப்போர்ட்டின் பின்னால் நான் இப்போது எழுதியிருப்பது: "புதிய பெயர் சி.126_129டெல். தங்கச்சிக்கும் இதுதான். மறுபடி ரத்தம் கொடுக்க வேண்டாம்."